டேப் சுற்றி வைத்த நீல ஒயர்

போன வாரம் நண்பன் கேட்டான்: "கார் ஸ்டீரியோவை நாமே மாத்திடலாமா, இல்ல கடையிலேயே விட்டுடவா?" இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "கடையில விட்டுடு" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இப்போது பதில் கொஞ்சம் நீளம்.

நான் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. டபுள் டின் அளவு, அதாவது சாதாரணக் கார் ஸ்டீரியோவைப் போல இரண்டு மடங்கு உயரம், ஏழு அங்குலத் தொடுதிரை. திரை, ப்ளூடூத், மேப் பற்றியெல்லாம் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாச் செட்டிலும் இருப்பதுதான், ஒழுங்காக வேலை செய்கிறது.

மாற்றும் வேலையை அன்றைக்கு எவ்வளவு பயபக்தியோடு செய்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். டேஷ்போர்டு ட்ரிம்மை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாமல் பிளாஸ்டிக் பட்டையால் எடுத்தேன். அப்படியும் ஒரு கிளிப் உடைந்தது, மேடு பள்ளத்தில் இன்றும் அது கிடுகிடுக்கிறது. காரின் ஒயர்களையும் செட்டின் ஒயர்களையும் இணைக்கும் ஹார்னஸ் அடாப்டரை காருக்கேற்றதாக வாங்கியிருந்ததால் காரின் ஒயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. செட்டின் மஞ்சள், சிவப்பு ஒயர்களுக்குப் போகும் இரண்டை மட்டும், பேட்டரியைச் சற்று நேரம் திரும்ப மாட்டி, மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தேன். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு, சாவி திருகினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. சில கார்களில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். கவனிக்காமல் மாட்டினால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் செட் நேரத்தையும் ஸ்டேஷன்களையும் மறந்துவிடும். நான் அதில் மாட்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு ஏகப் பெருமை.

ஸ்பீக்கர் ஒயர்கள் சுலபம். வெள்ளையும் சாம்பலும் முன்பக்க இடம், வலம். பச்சையும் ஊதாவும் பின்பக்க இடம், வலம். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். எல்லாம் முடிந்து பார்த்தால் கையில் சில ஒயர்கள் மிச்சம். அதில் ஒன்று நீலம், லேபிளில் 'பவர் ஆன்டெனா' என்று போட்டிருந்தது. நம் காரில் மோட்டார் வைத்து மேலே எழும்பும் ஆன்டெனா கிடையாதே, கூரை மேல் விரல் நீளத்துக்குக் குட்டையாக ஒன்றுதானே இருக்கிறது என்று நினைத்தேன். ஆன்டெனாவுக்கான அடாப்டரிலும் மெல்லிசாக ஒரு நீல ஒயர் தொங்கியது. அதுவும் அதே ரகம் போல. இரண்டின் நுனியிலும் இன்சுலேஷன் டேப்பை அழகாகச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன்.

அன்று தொடங்கியது இரைச்சல். பக்கத்திலிருக்கும் பலமான ஸ்டேஷன்கள் கேட்கும், மற்றதெல்லாம் உஸ்ஸென்று சீறும். ஒரு பாலத்தடியில் நுழைந்தால் அதுவும் போய்விடும். அம்மா வண்டியில் ஏறினால் ரேடியோ மட்டும்தான் கேட்பார். "பழைய செட்டு நல்லாத்தானே பாடிச்சு?" என்று ஒவ்வொரு முறையும் சாந்தமாக ஒரு கேள்வி. அந்தச் சாந்தம்தான் தாங்க முடியாதது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன், சேமித்து வைத்த ஸ்டேஷன்கள் அழிந்ததுதான் மிச்சம். கோபத்தில் விமர்சனத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு, ரேடியோ அலையைப் பிடிக்கும் பாகத்தைத் திட்டி, "ட்யூனர் குப்பை" என்று எழுதியும் வைத்தேன்.

இரண்டு மாதம் முன்பு ரிவர்ஸ் கேமரா படம் வராமல் போனது. செட்டை வெளியே இழுத்தேன். கேமரா கோளாறு கனெக்டர் தளர்ந்ததுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் வெயிலில் பசை இளகி, டேப் பிரிந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தன அந்த இரண்டு நீல ஒயர்கள். ஒன்று செட்டிலிருந்து, இன்னொன்று ஆன்டெனா அடாப்டரிலிருந்து. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

விஷயம் இதுதான். குட்டை ஆன்டெனா பலவற்றின் அடியில் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் உண்டு. அதற்குக் கரன்ட் வேண்டும். காரோடு வந்த பழைய செட், சிக்னல் வரும் அதே கேபிள் வழியாகவே அந்தக் கரன்டையும் அனுப்பிவிடும். வெளியில் வாங்கும் செட் பெரும்பாலும் அப்படி அனுப்பாது, நீல ஒயரில் தனியாகக் கொடுக்கும். அதை வாங்கிக் கேபிளுக்குள் செலுத்தத்தான் அடாப்டரில் அந்த மெல்லிய ஒயர். கரன்ட் இல்லாத ஆம்ப்ளிஃபயர் சிக்னலைப் பெருக்குவது இருக்கட்டும், வருவதையும் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு வருடமாக நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இணைத்தேன், தேடவிட்டேன். முன்பு நான்கு ஸ்டேஷனில் நின்றது பதினொன்றில் நின்றது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. கையேட்டை எடுத்துப் பார்த்தால், எறும்பு எழுத்தில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'பவர் ஆன்டெனாவுக்கு'. அவ்வளவுதான். 'கூரை ஆன்டெனாவில் ஆம்ப்ளிஃபயர் இருந்தாலும் இணைக்கவும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சரி, நியாயமாகவும் பேசிவிடுகிறேன். ட்யூனரில் குறையே இல்லை. அதே பழைய கதவு ஸ்பீக்கர்களில் இந்தச் செட் தெளிவாகப் பாடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் '50 வாட் × 4' ஒரு கணத்துக்கு மட்டும் எட்டும் உச்சக் கணக்கு. வண்டியின் 14 வோல்ட்டையும் நான்கு ஓம் ஸ்பீக்கரையும் வைத்துக் கணக்குப் போட்டால் நிஜத்தில் இருபதுக்குப் பக்கம்தான் வரும். காருக்குள் அதுவே போதும், முழுசாக வைத்தால் கண்ணாடி அதிரும்.

ஆனால் வால்யூமுக்குத் திருகும் குமிழ் இல்லை. திரையின் ஓரத்தில் தொட்டால் நகரும் இரண்டு குட்டிக் குறிகள். வண்டி குலுங்கும்போது விரல் சறுக்கி ஹோம் பட்டனில் விழும், மேப் காணாமல் போகும். இதற்கு டேப் சுற்றிய நான் பொறுப்பில்லை.

நண்பனிடம் சொன்னேன்: "நீயே மாத்து, கடைக்கு வேண்டாம். ஆனா இந்தச் செட்டை மட்டும் வாங்காதே."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே சொன்ன?"

"குமிழ் இருக்கிறதா பாத்து வாங்கு" என்றேன். நீல ஒயர்கள் சேர்ந்திருக்கும் படத்தையும் அனுப்பி வைத்தேன். அப்புறம் என் பழைய விமர்சனத்தைத் திறந்து 'ட்யூனர் குப்பை'யை எடுத்துவிட்டு, இரண்டு நட்சத்திரத்தை மூன்றாக்கினேன். நான்கு போட மனசு வரவில்லை.