டிராஃப்டுக்கு முன் அணியை எடைபோடுவது: பல சீசன் அனுபவம்

நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் செய்வதற்கேற்பப் புள்ளி எடுப்பதுதான் ஃபேன்டஸி ஃபுட்பால். எங்கள் லீகில் பன்னிரண்டு அணிகள். பி.பி.ஆர். முறை, அதாவது பாஸைப் பிடித்தாலே ஒரு புள்ளி. ஆளுக்கு மூன்று கீப்பர், அதாவது போன வருட அணியிலிருந்து வைத்துக்கொள்ளும் வீரர்கள். அவர்களைப் போன வருட டிராஃப்டில் (வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) எந்தச் சுற்றில் எடுத்தோமோ அந்தச் சுற்றை இந்த வருடம் விட்டுக்கொடுக்க வேண்டும். 2025 டிராஃப்ட் நெருங்கியிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். பல சீசனாக நான் அணியை எடைபோடும் விதத்தையும், இந்த வருடம் என் அணி எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்கிறேன்.

ஆப்பில் வரும் உத்தேசப் புள்ளிகளைப் பார்ப்பேன், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) சேக்வான் பார்க்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக 962 யார்டு ஓடினார். 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய் 2,005 யார்டு. ஆள் அதேதான்; முன்னால் நின்று எதிரணியைத் தடுத்து வழி திறந்த லைன் வேறு. அதனால் ஒருவருக்குப் பந்து எத்தனை முறை வரும், யார் கொடுப்பார்கள், பக்கத்தில் பங்கு கேட்க யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மாக் டிராஃப்ட், அதாவது ஒத்திகை டிராஃப்ட், உண்மையிலேயே உதவும், ஒரு நிபந்தனையோடு. நம் லீகில் கீப்பராகப் போய்விட்ட வீரர்களை எல்லாம் முதலில் நீக்கிவிட்டு ஆட வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் நல்ல ரிசீவர்கள் (பாஸ் பிடிப்பவர்கள்) தீர்ந்துபோகிறார்கள் என்று தெரியும். அந்நியர்களோடு ஆடும் பொது மாக்கில் பாதிப் பேர் நாலு சுற்றுக்குப் பிறகு எழுந்து போய்விடுகிறார்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி என் அணி. பிராக் பவர்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிவான் ஏசேன் ஆகிய மூவரும் கீப்பர்கள். பவர்ஸைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 2024இல் அவருடைய அணி ரெய்டர்ஸ் மூன்று குவார்ட்டர்பேக்குகளை (பாஸ் எறிபவர்களை) மாற்றி மாற்றி இறக்கியும் அறிமுக வருடத்திலேயே 112 கேட்ச், 1,194 யார்டு. 2025க்குக் குவார்ட்டர்பேக்காக ஜீனோ ஸ்மித் வந்திருக்கிறார். டைட் எண்டில் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் இடம்) இப்படி ஒருவர் இருந்தால் வாரா வாரம் எதிராளியைவிட ஒரு படி மேலே நின்று ஆரம்பிக்கலாம். வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் டேனியல்ஸ் போன சீசனில் ஓடியே 891 யார்டு எடுத்தவர். பாஸ் சரியாகப் போகாத நாளிலும் கால் காப்பாற்றும்.

மயாமியின் ரன்னிங் பேக் ஏசேனிடம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2024இல் 78 கேட்ச் பிடித்தார், 12 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது). ஆனால் மயாமி குவார்ட்டர்பேக் துவா காயத்தில் உட்கார்ந்த வாரங்களில் ஏசேனுக்கு வரும் சின்ன பாஸ்கள் வற்றிவிட்டன. துவா ஆடியதே 11 ஆட்டம்தான். மறுபக்கம், 88 கேட்ச் பிடித்த ஜானு ஸ்மித்தை மயாமி பிட்ஸ்பர்குக்குக் கொடுத்துவிட்டது. அந்தப் பந்துகள் எங்கேயாவது போயாக வேண்டும், அதில் ஏசேனுக்கு நல்ல பங்கு வரும் என்று நம்புகிறேன்.

பலவீனம் ரிசீவர். சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும் ஸ்நேக் டிராஃப்டில் எனக்கு 9ஆவது, 16ஆவது தேர்வு. ஒன்பதில் இருப்பதில் சிறந்த ரிசீவர், யோசிக்கவே தேவையில்லை. பதினாறில் சார்ஜர்ஸின் லாட் மக்கான்கி கிடைக்கலாம். அறிமுக வருடத்தில் 1,149 யார்டு எடுத்தவர். சிக்கல் என்னவென்றால் மயாமி, வாஷிங்டன், சார்ஜர்ஸ் மூன்று அணிக்கும் 12ஆவது வாரம்தான் ஓய்வு. அவரை எடுத்தால் அந்த வாரம் மூன்று பேர் வெளியே. இதற்காகப் பலர் அவரைத் தாண்டிப் போவார்கள். நான் போக மாட்டேன். பதினாலு வாரத்தில் ஒரு வாரம் தோற்றால் தோற்கட்டும். பட்டத்தை முடிவுசெய்யும் பிளேஆஃப் 15ஆவது வாரத்திலிருந்து 17 வரை, அப்போது மூவரும் இருப்பார்கள். ரிசீவர் கீனன் ஆலன் சார்ஜர்ஸுக்குத் திரும்பியிருப்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது, பங்கு கேட்கும் ஆள் அவர்.

இப்போதைய நிலையில் பிளேஆஃபுக்குப் போகும் அணி என்றே சொல்வேன். பட்டத்துக்கு இரண்டாவது ரன்னிங் பேக் ஒருவர் நடுச் சுற்றுகளில் தேற வேண்டும். கடைசிச் சுற்றில் 12ஆவது வாரம் ஆடக்கூடிய ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்து வைத்துவிடுவேன்.