கொழும்பில் கப்பல் நிற்கும் ஒரே பகலில் கண்டி காட்டுகிறோம் என்பவர்களிடம் கவனம்!

77,400 ரூபாய். அத்தையை முப்பத்தைந்து நிமிடம் பார்க்க எங்கள் குடும்பம் கொடுத்த விலை இது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. வயிறு எரிகிறது. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவின் தங்கச்சி டிக்கோயா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணம் முடிந்து, தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மாமா வீட்டாரோடு எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறியவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். மகனும் மருமகளும் அவரைக் கொச்சியில் ஏற்றி ஓர் உல்லாசக் கப்பலில் கூட்டிவந்தார்கள். கொழும்பில் ஒரே பகல்தான். காலை எட்டு மணிக்கு இறங்கலாம், பின்னேரம் ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். நாங்கள் இருக்கும் ஹட்டன் வரை வந்து திரும்புவது நடக்காது. கண்டி 115 கிலோமீட்டர்தான் என்றாலும் அந்தப் பாதையில் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. சரி, அவர்கள் மேலே வரட்டும், நாங்கள் கீழே இறங்குகிறோம், பேராதனைப் பூங்கா வாசலில் சந்திப்போம் என்று பேசிக்கொண்டோம். பதினொன்றரைக்கு வந்தால் ஒன்றரை வரை இருக்கலாம். இரண்டு மணித்தியாலம் போதும் என்றார் அப்பா.

வேன் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. இணையத்தில் வாகனம் பதிகிற தளங்கள் நிறைய இருக்கின்றனவே, அதில் ஒன்று. பெயர் போட மாட்டேன். 'கப்பல் பயணிகளுக்கென்றே ஒருநாள் கண்டிச் சுற்றுலா, தலதா மாளிகைப் பூஜை, பேராதனை, தேயிலைத் தோட்டம்' என்று விளம்பரம். புத்தரின் பல்லை வைத்திருக்கும் அந்த மாளிகையில் காலைப் பூஜை ஒன்பதரைக்கு, அடுத்த பூஜை மாலை ஆறரைக்கு. எட்டு மணிக்குக் கப்பலை விட்டு இறங்குகிறவர் எந்தப் பூஜையைப் பார்ப்பார்? பார்க்கவே முடியாத ஒன்றைத்தான் முதல் வரியிலேயே விற்கிறார்கள்.

நம்பிக்கை வந்தது எப்படி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த விளம்பரக்காரன் நாளை உங்களிடமும் இப்படித்தான் பேசுவான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். "அக்கா, நானும் தோட்டத்துப் பொடியன்தான், தலவாக்கலைப் பக்கம். உங்க அத்தை எனக்கும் அத்தை மாதிரித்தானே." வேனின் படம், இலக்கத்தகடு தெரிகிற மாதிரி. கழுத்தில் தொங்கும் வழிகாட்டி அட்டையின் படம். அத்தைக்கு நடக்க முடியுமா என்று அவனாகவே கேட்டான். முழங்கால் வலி, வேனில் ஏறக் கஷ்டப்படுவார் என்றேன். "அதுக்கென்ன அக்கா, காலை வெச்சு ஏற ஒரு சின்ன ஸ்டூல் கொண்டு வாறேன்." அந்த ஸ்டூல் போதாதா? அன்றிரவே 20,000 ரூபாய் முற்பணத்தை வங்கிக் கணக்குக்குப் போட்டேன். பேசியது மொத்தம் 42,000. எரிபொருள், பார்க்கிங் எல்லாம் அதற்குள்.

துறைமுக வாசலில் நின்றது வேறு ஆள், வேறு வேன். ஸ்டூலும் இல்லை, ஏசியும் இல்லை. "அவர் இன்னொரு டூரில் இருக்கிறார்" என்றானாம். கப்பலை விட்டு இறங்கி நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள், ஏறிக்கொண்டார்கள்.

நாங்கள் பத்தரைக்கே வந்துவிட்டோம். விடியற்காலையில் ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து வந்து, அம்மா கட்டிய ரொட்டியும் கட்டச்சம்பலும் மடியில் ஆறிக்கொண்டிருக்கப் பூங்கா வாசலில் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. மச்சானுக்கு அழைத்தால் "மாவனல்லையில் ஏதோ மூலிகைத் தோட்டமாம், ஐந்து நிமிடம் என்று இறக்கினான், ஆளைக் காணவில்லை" என்கிறார்.

அந்த மூலிகைத் தோட்டம் வியாபாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்டி வீதியில் போகிறவர்களுக்குத் தெரியும், மாவனல்லைப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. நுழைவு இலவசம். ஏலம், கறுவா, கொக்கோ மரம் காட்டுவார்கள், ஒரு கோப்பை கொக்கோ பானம் தருவார்கள், அப்புறம் வாங்கில் உட்கார வைத்து எண்ணெய் தேய்ப்பார்கள். எல்லா இடமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விற்கிற ஒவ்வொரு போத்தலிலும் கூட்டிவந்த டிரைவருக்குப் பங்கு இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். இங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அத்தையைப் பார்த்ததும், அத்தை வாயைத் திறக்கும் முன்பே, "அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதே" என்றாராம். அத்தை அசந்துபோனார். பெரிய வைத்தியர், முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட்டார் என்று என்னிடமே சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னவள் நான். ஸ்டூல் கொண்டுவருகிறேன் என்றவனிடம் சொன்னேன். அது அவனிடமிருந்து டிரைவருக்கும், டிரைவரிடமிருந்து வெள்ளைக் கோட்டுக்கும் போயிருக்கிறது. மூன்று போத்தல் எண்ணெய், 18,900 ரூபாய்.

பேராதனைக்கு வந்தபோது பன்னிரண்டு ஐம்பது. அத்தை வேனிலிருந்து பின்பக்கமாகத் திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே விட்டுத் தடவித் தடவி இறங்கினார். அப்பாவும் அவரும் பிடித்துக்கொண்டு அழுததிலேயே பத்து நிமிடம் போனது. பூங்காவுக்குள் போகவே இல்லை. ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டார், மீதியை மருமகள் கட்டி எடுத்துக்கொண்டாள். ஒன்று இருபத்தைந்துக்கு டிரைவர் ஹோர்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். "கப்பல் போயிடும், கப்பல் போயிடும்."

அசல் கொள்ளை அதற்கப்புறம்தான். கொழும்பை நெருங்கி, பேலியகொடையில் வேனை ஓரம் கட்டினான். மணி ஐந்தாகப் போகிறது. மீதி 22,000 போக இன்னும் 16,500 வேண்டும் என்றான். 'ஹைவே டிக்கட், வெயிட்டிங், பார்க்கிங்' என்று துண்டுத்தாளில் எழுதி நீட்டியிருக்கிறான். ஹைவேயா? மத்திய அதிவேகப் பாதையில் 2022இல் திறந்தது மீரிகமவிலிருந்து குருநாகல் வரைக்கும். மாவனல்லையும் கடுகண்ணாவையும் பழைய கண்டி வீதியில் இருக்கின்றன. மாவனல்லையில் எண்ணெய் விற்றுவிட்டு ஹைவேக்கு டிக்கட் வெட்டுகிற ஒரே டிரைவர் இவனாகத்தான் இருப்பான். மச்சானுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கப்பல்காரர்கள் தாங்களே நடத்தும் சுற்றுலா பிந்தினால்தான் காத்திருப்பார்கள். தனியாக வெளியே போனவர்களுக்காக நிற்க மாட்டார்கள். அது அந்த டிரைவருக்கு மச்சானைவிட நன்றாகத் தெரியும். கொடுத்துவிட்டு ஓடினார்கள்.

வேனுக்கு 58,500, எண்ணெய்க்கு 18,900. மொத்தம் 77,400.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. தலவாக்கலைத் தம்பி முதலில் "அக்கா, ரோட்டில இருக்கேன், பின்னேரம் எடுக்கிறேன்" என்றான். பின்னேரம் எடுத்தது ஒரு பெண், சிங்களத்தில், ஒஃபிஸில் கேளுங்கள் என்றார். ஒஃபிஸ் நம்பரில் வந்தவர், டிரைவர் எங்கள் ஆள் இல்லை, வெளிவேன் என்றார். அப்படியென்றால் என் முற்பணம் யாருக்குப் போனது என்றால், "மிஸ், நீங்கள்தானே அனுப்பினீர்கள், உங்களுக்குத்தானே தெரியும்" என்கிறார். பதிவுத் தளத்துக்கு எழுதினேன். நாங்கள் இரண்டு தரப்பையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று பதில். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணத்தை நாங்கள் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். இப்போது தம்பியின் வாட்ஸ்அப்பில் படமும் இல்லை, என் செய்திக்கு ஒற்றைக் குறிதான் விழுகிறது. அத்தை பாவம், "பரவாயில்லம்மா, எண்ணெய் நல்லாத்தான் இருக்கு" என்று கோத்தகிரியிலிருந்து சமாதானம் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்டால் இன்னும் ஏறுகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எட்டு மணிக்கு இறங்கி ஐந்தரைக்கு ஏறுகிற கப்பல் என்றால் கண்டிப் பக்கமே யோசிக்காதீர்கள், மலையகத்தில் இருக்கிற நீங்கள் கொழும்புக்கு இறங்குங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், செட்டியார் தெரு, புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் எல்லாம் துறைமுகத்துக்குப் பக்கம்தான், ஒரு திரீவீலில் பார்த்துவிடலாம். பின்னேரம் காலிமுகத்திடலில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசலாம். முற்பணம் போடாதீர்கள். வேறு வேன் வந்தால் ஏற வேண்டாம் என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டாரின் வருத்தம் வலி எதையும் டிரைவரிடம் சொல்லாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சுற்றுலா உதவித் தொலைபேசி 1912, பாவனையாளர் முறைப்பாட்டுக்கு 1977. நான் இரண்டாவதுக்குத் துண்டுத்தாளின் படத்தோடு எழுதப் போகிறேன்.

அந்த விளம்பரம் நேற்றிரவும் தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதே வேன் படம், அதே 'தலதா மாளிகைப் பூஜை', கீழே நாலரை நட்சத்திரம். தலவாக்கலைத் தம்பி என்று குரல் பதிவு வந்தால் யாரும் பணம் போட்டுவிடாதீர்கள்.