புது அலோய் எண்டு நம்பி 42,500 ரூபா போச்சு: பல் லேப் வச்சிருக்கிற ஆக்கள் கவனம்

திருகோணமலையில கிரவுன் (பல்லுக்கு மேல போடுற உறை), பிரிட்ஜ் (விழுந்த பல்லுக்குப் பதிலா பூட்டுற செயற்கைப் பல்) வேலை செய்யிற எல்லாரும் இதை வாசிங்க. இணையத்தில பல் சாமான் விற்கிற ஒரு பக்கத்தில நிக்கல்-குரோமியம் அலோய் (இதுகளை வார்க்கிற கலப்பு உலோகம்) 1 கிலோ, 42,500 ரூபாவுக்கு எடுத்தோம். பெரிய மலிவும் இல்ல, அதால சந்தேகமே வரல்ல. விற்கிறவர் சீல் பெட்டியின்ட படம், லொட் நம்பர் (எந்தத் தொகுதியில செய்தது எண்டு காட்டுற இலக்கம்) எல்லாம் அனுப்பினார். "அண்ணா, பயப்படாம காசைப் போடுங்க, நான் பொறுப்பு" எண்டு குரல் பதிவும் வந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முழுக் காசும் போனது.

கூரியரில வந்தது வெறும் பொலித்தீன் பை. கேட்டா, பெட்டி நசுங்கும் எண்டு மாத்தினதாம்.

முதல்தரம் உருக்கேக்கயே விளங்கிட்டு. நல்ல கட்டி சூட்டில மூலை மழுங்கி, பக்கத்துக் கட்டியோட சேரும். இது தடிச்ச கறுப்புத் தோலோட தனித்தனியா நிண்டது. மிச்சக் கட்டிகளை லென்ஸில பார்த்தா, குழிகளுக்குள்ள வெள்ளையா இன்வெஸ்ட்மென்ட் (வார்க்கிற அச்சு செய்யிற பொருள்) தூள். ஆரோ எறிஞ்ச பட்டனையும் (வார்த்த பிறகு மிஞ்சிற உலோகக் கட்டி) ஸ்ப்ரூவையும் (அச்சுக்குள்ள உலோகம் ஓடின வழியில இறுகின தண்டு) உருக்கிக் கட்டியா வார்த்திருக்கிறாங்க!

இதில என்ன பிழை எண்டு சிலர் கேக்கிறாங்க. ஒவ்வொரு உருக்கிலயும் சிலிக்கன், மங்கனீஸ் மாதிரிச் சின்ன அளவில இருக்கிற மூலகங்கள் எரிஞ்சு குறையும், ஒக்சைட்டும் அழுக்கும் கூடும். ஒக்சைட் படை தடிச்சா மேல பூசிச் சுடுற பல் நிறப் போர்சிலின் பிடிக்காது, உலோகம் தெரியத் தகடா உரியும். வார்க்கேக்க உலோகம் கிரவுன் ஓரம் வரைக்கும் முழுசா ஓடாது. வாய்க்குள்ள அரிப்புக் கூடி நிக்கல் கசியும். நிக்கல் ஒவ்வாத ஆளுக்கு முரசு சிவந்து வீங்கும். பழைய கலவையில பெரிலியம் எண்ட நச்சு உலோகம் இருந்தா, அரைக்கிற தூசு எங்கட நுரையீரலுக்குத்தான். பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 22674 படி அது 0.02 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. பைக்குள்ள வந்ததில எவ்வளவு எண்டு ஆர் சொல்றது?

சொந்தப் பட்டனை மணல் அடிச்சுச் சுத்தமாக்கி, பாதிக்குக் குறையாம புதுசு சேர்த்து ஒருதரம் பாவிக்கிற வழக்கம் பல லேப்பில இருக்கு. கன கம்பனிகள் அதையும் வேணாம் எண்டுதான் சொல்லுது. அப்பிடிச் சேர்க்கிற அந்தப் "புதுசே" நாலு தரம் உருகினதெண்டா, அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்?

திருப்பிக் கேட்டதுக்கு முதல்ல "உங்கட உருக்கிற டோர்ச் சூடு காணாது" எண்டார். பிறகு "முதலாளி கொழும்பில". பிறகு "பை உடைச்சா திருப்பி எடுக்க மாட்டோம்". நேற்று இரவு எங்கட நம்பரையே தடுத்திட்டார். 42,500 ரூபா!

வாங்க முதல் பார்க்க வேண்டியதுகளை விரிவா எழுதத்தான் நினைச்சது, இப்ப முடியல்ல. சீல் பெட்டி, லொட் நம்பர், சதவீதம் போட்ட தாள் இல்லாம எடுக்காதீங்க. பார்சல் உடைக்கிறதை வீடியோ எடுங்க. ஒவ்வொரு அலோய்க்கும் தனிக் குரூசிபிள் (உருக்கிற கிண்ணம்) பாவிங்க. பையில வந்தா, கூரியர் தம்பியிட்டயே திருப்பிக் குடுத்திடுங்க.