நோட்டா, வாட்ஸப்பா, ஷீட்டா? மில்லு மிஷின் கணக்கு எதுல எழுதறது

பொள்ளாச்சிக்கு மேக்கால கோபாலபுரம் கேரளா பார்டர் பக்கம் எங்க மஞ்சி மில்லுல (தேங்கா மட்டைய நாராக்கற மில்லு) மிஷின் ரிப்பேர் கணக்க மூணு விதமா எழுதிப் பாத்தாச்சுங்க.

மொதல்ல நீள நோட்டு. பேனல் போர்டு பக்கத்துல ஆணில தொங்கும், கிரீஸ் கையோடயே எழுதலாம், கரண்ட் போனாலும் எழுதலாம். சிக்கல் என்னன்னா ஃபிட்டர் சேட்டன் மலையாளத்துல எழுதுவாரு, நான் தமிழு, நைட் ஷிஃப்ட் பீகார் பசங்க இந்தி, ஒருத்தர் எழுதுனது அடுத்தவருக்குப் புரியாது. அப்பறம் எழுத்தே வேண்டாம், நம்பர் மட்டும் போதும்னு சொல்லிட்டேன். தேதி, ஹவர் மீட்டர் (மிஷின் மொத்தம் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டறது), மோட்டார் நம்பர், பேரிங் நம்பர், அவ்வளவுதான். 6308னு இருந்தா மூணு பேருக்கும் ஒண்ணுதானே, கடைசி 08ஐ அஞ்சால பெருக்குனா 40, அது உள் துளை அளவு மில்லிமீட்டர்ல, பொள்ளாச்சி கடைக்கு போன்ல நம்பரச் சொன்னா பஸ்லயே குடுத்து விட்டுருவாங்க.

வாட்ஸப் குரூப்பு சுலபந்தான், ஒடஞ்ச பேரிங்க போட்டோ எடுத்துப் போட்டா ஆயிரம் வார்த்தை மிச்சம். ஆனா பின்னாடி தேடணும்னா குட்மார்னிங் ரோசாப்பூவுக்குள்ள நீச்சல் அடிக்கோணும். போன வருசம் 50 எச்பி மோட்டார் காயில் கட்டி வந்து ரெண்டே மாசத்துல திரும்ப எரிஞ்சுது, கட்டுனவரு "அது ஆறு மாசம் ஆச்சே"ங்கறாரு, குரூப்ல பில் போட்டோவத் தேடுனா மங்கலா நிக்குது, தெறக்க மாட்டேங்குது. நோட்டுல தேதியும் ஹவரும் இருந்துச்சு, எடுத்துட்டுப் போய்க் காட்டுனேன், காசு வாங்காமக் கட்டிக் குடுத்துட்டாரு.

கூகுள் ஷீட்டுல தெனமும் எழுதற ஆள் யாரும் இல்லீங்க, அது நெசம். ஆனா வாங்குன நாள்ல இருந்து ஒரு மோட்டார் எவ்வளவு காசு தின்னுச்சுன்னு கூட்டிப் பாக்க ஷீட்ட விட்டா வழியில்ல, மூணாவது தடவ காயில் கட்டறதா புதுசே வாங்கறதான்னு அதுலதான் தெரியும். இன்னொண்ணும் தெரிஞ்சுது, எங்க பேரிங் சாவெல்லாம் ஆனி ஆடிலதான், பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் சாரலுமா வர்றப்ப தூசி ஈரத்தோட அப்பிக்குது. இப்பல்லாம் வைகாசிலயே கிரீஸ் அடிச்சு வெச்சுடறோம்.

இந்த மூணு போதாதுன்னு ரிப்பேர் கணக்கு எழுத மாசச் சந்தா ஆப்பும் ஒண்ணு போட்டேன். ஒரு கிரீஸுக்கு 15 கட்டம் நெரப்பச் சொல்லுது, சேட்டன் மூணாம் நாளே கைய விரிச்சுட்டாரு.

இப்ப நோட்டு மிஷின்கிட்ட, மாசம் ஒண்ணாந்தேதி நான் அதப் பாத்து ஷீட்டுல ஏத்தறேன். ஒரு மோட்டார், ரெண்டு மோட்டார் வெச்சுருக்கறவங்களுக்கு நோட்டே போதுங்க. ஆனா ஸ்பைரல் நோட்டு வாங்காதீங்க, பீடி பத்த வைக்கக் கிழிச்சா எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியாது, தெச்ச பைண்டிங்கா வாங்கி பக்க நம்பர் போட்டுருங்க.