ஜென்டூவில் நேட்டிவா, வி3-ஆ?

ஜென்டூ லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டுபவர், அதன் அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில் ‘-ஓ2 -பைப்’ என்ற வழக்கமான கம்பைலர் விருப்பங்களை எழுதியபின், எந்தச் செயலிக்காகக் கம்பைல் செய்கிறோம் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுகிறோம்) என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

‘-மார்ச்=நேட்டிவ்’ என்று கொடுத்தால், ஜிசிசி என்ற கம்பைலர் தான் ஓடும் செயலியையே விசாரித்து, அதிலுள்ள கட்டளைத் தொகுப்புகளோடு கேஷ் அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள கணினியில் இப்படிக் கட்டிய வட்டைக் கழற்றி, அது இல்லாத மடிக்கணினியில் மாட்டினால், சாதாரண நிரல்கூட ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக்கூடும். டிஸ்ட்சிசி என்ற கருவி மூலம் கம்பைல் வேலையை வேறு கணினிகளுக்குப் பகிரவும் இது உதவாது.

ஜிசிசி 11 முதல் (2021) கிடைக்கும் ‘எக்ஸ்86-64-வி3’ (சுருக்கமாக வி3) என்ற பொதுவான செயலி நிலையை ‘-மார்ச்’-க்குக் கொடுத்தால், அது ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ ஆகிய கட்டளைத் தொகுப்புகள் வரை மட்டுமே எதிர்பார்க்கிறது. 2013-இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் கோர் செயலிகளிலும் ஓடும். அதற்கும் பழைய கணினி என்றால் இதுவும் கைவிடும்.

நேட்டிவை விட்டு வி3-க்கு வந்தால் வேகத்தில் இழப்பு பெரும்பாலும் உணர முடியாதது. வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் போன்ற நிரல்கள் ஓடும்போதே செயலியைக் கண்டறிந்து தம் அசெம்பிளி நிரலைத் தேர்ந்துகொள்கின்றன. ஒரே கணினி, அதுவும் மாறாது என்றால் நேட்டிவ்; கட்டிய நிரல் தொகுப்புகளைப் பல கணினிகளுக்குக் கொண்டு செல்பவருக்கு வி3-யையே பரிந்துரைப்பேன்.