பிரிக்ஃபீல்ட்ஸ் எக்ஸெல் கிளாஸ்: மூணு சனிக்கிழமை நல்லா போச்சு, நாலாவதுதான்…

மொதல்லயே சொல்லிடறேன், நான் எக்ஸெல் தெரியாதவ இல்ல. ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு ஹார்ட்வேர் மொத்த வியாபார கம்பெனில பதினோரு வருஷமா அக்கவுன்ட்ஸ் கிளார்க்கு, தெனமும் எக்ஸெல் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். ஆனா எனக்கு தெரிஞ்ச எக்ஸெல் என்னான்னா, எனக்கு முன்னாடி இருந்த அக்கா வெச்சிட்டு போன ஃபைல தொறந்து நம்பர மாத்தி சேவ் பண்றது, ஃபார்முலா ஒடஞ்சா மேல உள்ள செல்லுலேர்ந்து இழுத்து விடறது, அதுக்கும் சரியா வரலன்னா கால்குலேட்டர்ல கூட்டி கையால டைப் பண்ணி வெச்சிடறது. அப்படி கையால டைப் பண்ண ஒரு நம்பர் போன வருஷம் தவ்கே (மொதலாளி) கண்ணுல பட்டுச்சு, ஒரு கஸ்டமர் பாக்கி 3,400 வெள்ளி (ரிங்கிட்) கொறச்சலா காமிச்சிருக்கு. அவரு கத்தியிருந்தா கூட பரவால்ல, "நெக்ஸ்ட் டைம் செக் பண்ணு லா"னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடே எறங்கல.

யூடியூப்ல வீடியோ நெறைய பாத்தேன். பாக்கறப்ப எல்லாம் புரியுது, மறுநாள் ஆபீஸ்ல உக்காந்தா கை எங்க போறதுன்னு தெரியாம நிக்குது. பத்து வருஷம் புருஷன் பக்கத்து சீட்டுல உக்காந்து ஊரு சுத்தினவ கிட்ட சாவிய குடுத்து ஓட்டுன்னா எப்படி இருக்கும், அப்படி. அதனாலதான் "பயிற்சி மட்டும்தான், லெக்சர் கிடையாது"ன்னு எழுதியிருந்த இந்த கிளாஸுக்கு சேர்ந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஷாப்லாட் மாடில, கீழ பூக்கடை. பேர் இங்க போடல, கொறையும் சொல்லப்போறேன், அதனால. நாலு சனிக்கிழமை, காலைல பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும், 420 வெள்ளி, அதோட ஒரு பென்டிரைவ்ல முப்பத்திரெண்டு பயிற்சி ஃபைல். சென்டூல்லேர்ந்து கொம்யூட்டர் ரயில் ஏறினா கேஎல் சென்ட்ரல், அங்கேர்ந்து நூ சென்ட்ரல் மால் வழியா நடந்து ஜாலான் துன் சம்பந்தன் வந்துடலாம். கார் எடுத்துட்டு போகாதீங்க, சனிக்கிழமை அங்க பார்க்கிங் தேடறதுக்குள்ள பாதி கிளாஸ் முடிஞ்சிரும்.

சொல்லிக்குடுக்கற சார் ஒரு கம்பெனில அக்கவுன்டன்டா இருந்து ரிடையர் ஆனவரு. மொத நாள் வந்து நின்னாரு, எக்ஸெல்னா என்ன, ரிப்பன்னா என்னன்னு ஒரு வார்த்தை பேசல. "மொத ஃபைல தொறங்க, ரெண்டு லிஸ்ட் இருக்கு, ரெண்டுலயும் இருக்கற ஆள மட்டும் கண்டுபிடிங்க, இருபது நிமிஷம்"னு சொல்லிட்டு போயி ஒரு ஓரமா உக்காந்துட்டாரு. நாங்க பன்னெண்டு பேரு. பக்கத்துல கேட்டரிங் நடத்தற ஒரு அக்கா, அந்தப்பக்கம் கிள்ளான் போர்ட்ல ஃபார்வர்டிங் கம்பெனில வேலை செய்யற ஒரு தம்பி. நான் உடனே விலுக்கப் (ஒரு லிஸ்ட்ல தேடி எடுத்து குடுக்கற ஃபங்ஷன்) போட்டேன், பாதிக்கு மேல #என்/ஏ, அதாவது கிடைக்கலன்னு.

அந்த ஃபைல பாத்தா தெரியும், எவ்ளோ யோசிச்சு கெடுத்து வெச்சிருக்காருன்னு. வெளிநாட்டு பயிற்சி புக்குல வர்ற லிஸ்ட் எல்லாம் ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம்னு அழகா இருக்கும், அத ரெண்டு காலமா (நெட்டுவரிசையா) பிரி சேருன்னு கேப்பாங்க. நம்ம ஊரு லிஸ்ட் அப்படியா இருக்கு? ஒரே ஆளு ஒரு லிஸ்ட்ல ஏ/எல் (இன்னாரு மகன்னு அர்த்தம்), இன்னொண்ணுல எஸ்/ஓ, மூணாவது எடத்துல சாய்கோடே இல்லாம ஏஎல், மலாய்க்காரங்க பேர்ல நடுவுல பின், பிந்தி, சீனர் பேர்ல குடும்பப்பேரு முன்னாடி. இதுல எங்க வெட்டி எங்க ஒட்டறது. இருபது நிமிஷம் கழிச்சு சார் வந்து, "பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் விலுக்கப்புக்கு கிடையாது, ஆனா ஒரு ஸ்பேஸ் கூட இருந்தா அதுக்கு அது வேற ஆளு. அதனால பேர வெச்சு தேடாதீங்க, ஐசி (அடையாள அட்டை) நம்பர வெச்சு தேடுங்க"ன்னாரு. சரின்னு ஐசிய வெச்சு தேடினா அதுலயும் பாதி வரல!

இது எனக்கு ஆபீஸ்ல பல தடவை நடந்திருக்கு, ஏன்னு தெரியாம விட்டிருக்கேன். ஐசி பன்னெண்டு டிஜிட், மொத ஆறு பொறந்த வருஷம் மாசம் தேதி. 2000லேர்ந்து 2009 வரைக்கும் பொறந்த பசங்களுக்கு பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கும். கோடு போடாம டைப் பண்ணா எக்ஸெல் அத நம்பர்னு நெனச்சி முன்னாடி இருக்கற பூஜ்யத்த முழுங்கிரும், 2003ல பொறந்தவனுக்கு பதினோரு டிஜிட்தான் மிஞ்சும். இன்னொரு லிஸ்ட்ல அதே நம்பர் கோடு போட்டு டெக்ஸ்டா இருக்கும். ரெண்டும் எப்படி ஒண்ணா சேரும்? கோட எடுக்க சப்ஸ்டிட்யூட், பூஜ்யத்த திரும்ப கொண்டுவர டெக்ஸ்ட் ஃபங்ஷன்ல பன்னெண்டு பூஜ்யம், அவ்ளோதான் விஷயம். பழைய ஆளுங்க லிஸ்ட்ல இந்த தொல்லை வராது, நம்ம ஆபீஸ்ல சின்ன பசங்கள வேலைக்கு எடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் வருது, நானும் சிஸ்டம் கோளாறுன்னே நெனச்சிட்டு இருந்தேன். அடுத்த பயிற்சி அதே ஐசிலேர்ந்து பொறந்த தேதி எடுக்கறது, கடைசி நம்பர் ஒத்தைன்னா ஆம்பள ரெட்டைன்னா பொம்பளன்னு பிரிக்கறது, நடுவுல இருக்கற ரெண்டு டிஜிட்ட வெச்சு 14ன்னா கேஎல், 10ன்னா சிலாங்கூர், 07ன்னா பினாங்குன்னு பொறந்த எடம் போடறது. கேட்டரிங் அக்கா தன்னோட மருமக ஐசிய போட்டு பாத்துட்டு "ஐயோ எனக்கு 1903ல பொறந்த மருமக இருக்கா"ன்னு சிரிச்சாங்க, நூற்றாண்டு எது வெச்சிக்கணும்னு ஒரு இஃப் போட மறந்துட்டாங்க.

ரெண்டாவது வாரம் இபிஎஃப், அதான் தொழிலாளர் சேமநிதி. எனக்கு இந்த 420 வெள்ளி வசூலானது இங்கதான்.

சம்பள லிஸ்ட் குடுத்து தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு போடுங்கன்னாரு. நாங்க எல்லாம் 11 பர்சன்ட், 13 பர்சன்ட்னு பெருக்கி ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு போனை நோண்டிட்டு இருந்தோம். சார் விடைய காட்டறாரு, ஒருத்தருக்கும் சரியா வரல. 2,010 வெள்ளி சம்பளத்துக்கு பதினொன்னு பர்சன்ட் போட்டா 221.10 வரும், ஆனா கட்டவேண்டியது 223. ஏன்னா இபிஎஃப் மூணாவது அட்டவணைப்படிதான் கட்டணும், 5,000 வெள்ளி வரைக்கும் 20 வெள்ளிக்கு ஒரு படி, அதுக்கு மேல 100 வெள்ளிக்கு ஒரு படி, படியோட மேல் எல்லைக்கு கணக்கு போட்டு அடுத்த வெள்ளிக்கு ஏத்திடுவாங்க. 2,010ன்னா 2,020க்கு உள்ள கணக்கு. எங்க ஆபீஸ்ல பேரோல் சாஃப்ட்வேர் பாத்துக்குது, அதனால எனக்கு இது தெரியவே தெரியாது, கேட்டரிங் அக்காதான் "நான் எட்டு பேருக்கு கையால பாத்து போடறேன், கண்ணு போச்சு"ன்னாங்க.

இப்ப அட்டவணைய ஷீட்ல போட்டு விலுக்கப் பண்ணணும். நான் வழக்கம்போல கடைசில ஃபால்ஸ் போட்டேன். "கடைசில எப்பவும் ஃபால்ஸ்"னு எல்லா வீடியோலயும் மந்திரம் மாதிரி சொல்வாங்க, ஏன்னு கேட்டா தெரியாது. போட்டா எல்லாமே #என்/ஏ. சார் ஒண்ணும் சொல்லல, "2,010ன்னு அட்டவணைல எழுதியிருக்கா?"ன்னு மட்டும் கேட்டாரு. இல்ல, 2,000.01லேர்ந்து 2,020 வரைக்கும்னு இருக்கு. அப்பதான் ட்ரூ எதுக்குன்னு பல்பு எரிஞ்சிச்சு. இங்க சரியான நம்பர் தேடல, இந்த சம்பளம் எந்த படில நிக்குதுன்னு தேடறோம், அதுக்குதான் ட்ரூ, அதுக்கு அட்டவணை சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கி இருக்கணும். அதுலயும் ஒரு குழி வெச்சிருந்தாரு, படியோட ஆரம்பத்த 2,000.01ன்னு போடாம சோம்பல்பட்டு 2,000ன்னு போட்டா, சரியா 2,000 சம்பளம் வாங்கறவன் அடுத்த படிக்கு ஏறி 220க்கு பதிலா 223 கட்டுவான். போர்ட் தம்பி அதுல விழுந்தான், நானும்தான். விழுந்ததாலதான் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

அஞ்சு காசு ரவுண்டிங்கும் அன்னிக்கே வந்துச்சு. 2008 ஏப்ரல்லேர்ந்து ரொக்கமா கட்டற பில்லுக்கு கடைசி காச அஞ்சுக்கு ஏத்தி எறக்கறாங்கல்ல, எம்ரவுண்டுனு ஒரு ஃபங்ஷன்ல 0.05 போட்டா முடிஞ்சது. ஒவ்வொரு சாமானுக்கும் ரவுண்ட் பண்ணாம மொத்தத்துக்குதான் பண்ணணும், அத மட்டும் கவனிக்கணும்.

மூணாவது வாரம் பிவோட், அதாவது பெரிய லிஸ்ட்ட வேணுங்கற மாதிரி தொகுத்து காட்டற டேபிள். சார் கேட்டாரு, "யாராச்சும் செக்ரோல் பாத்திருக்கீங்களா?" அந்தக்கால எஸ்டேட் வருகைப்பதிவு அது, ரெண்டு பேருதான் கைய தூக்கினோம். எங்க தாத்தா பால்மரம் வெட்டினவரு, காலைல பெரட்டுல (ஆள் கணக்கெடுக்கற எடத்துல) பேரு கூப்பிட்டு கிராணி (எஸ்டேட் கிளார்க்கு) செக்ரோல்ல போடலன்னா அன்னிக்கு சம்பளம் கிடையாது, வீட்டுல இந்த கதைய எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். பேரு கீழ கீழ, தேதி பக்கத்துல பக்கத்துல, முப்பத்தோரு கட்டம். பயிற்சி ஃபைல் அப்படியேதான், ஒரு கம்பெனி வருகைப்பதிவு. "இது மனுஷன் கண்ணுக்கு நல்லா இருக்கு, எக்ஸெலுக்கு இல்ல. ஒரு வரிக்கு ஒரு ஆளு ஒரு தேதின்னு நீட்டமா மாத்துங்க, அப்புறம் பிவோட் போட்டு திரும்ப செக்ரோலா கொண்டாங்க"ன்னாரு. மொதல்ல இது என்ன வெட்டி வேலன்னு தோணுச்சு. கையால கொஞ்சம் ஒட்டிட்டு அப்புறம் எக்ஸெல்லயே இருக்கற பவர் குவெரில அன்பிவோட் அமுக்கினப்ப ஒரே நொடில நீண்டுச்சு. நீட்டமா ஆனப்புறம் யாரு திங்கக்கிழமையா பாத்து லீவு போடறான், எந்த டிபார்ட்மென்ட்ல ஓவர்டைம் ஜாஸ்தின்னு எதக் கேட்டாலும் இழுத்து போட்டா வருது. என் ஆபீஸ் ஃபைல் எல்லாம் ஏன் மல்லுக்கட்டுதுன்னு அன்னிக்குதான் தெரிஞ்சது, ஜனவரி பிப்ரவரின்னு பன்னெண்டு காலம் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன்ல.

இப்ப கொறை.

நாலாவது வாரம் சார் வரல, வேற ஒருத்தர் வந்தாரு. டேஷ்போர்ட், மேக்ரோ. மூணு மணி நேரம் அவரு ஸ்க்ரீன்ல அவரு கிளிக் பண்ணாரு, நாங்க பாத்தோம். கலர் கலரா சார்ட்டு, அழகாத்தான் இருந்துச்சு, ஒரு பயிற்சி ஃபைல் கூட கிடையாது. இதுக்கு நான் யூடியூப்லயே இருந்திருப்பேன். கேட்டா "டைம் இல்ல, வீட்டுல போயி ட்ரை பண்ணுங்க"ன்னு பதில். கட்டின காசுல கால்வாசி அன்னிக்கு தண்ணில போச்சு.

இன்னொண்ணு, அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல எல்லாம் எக்ஸெல் 2016, வந்தவரு லேப்டாப்ல 365. அவரு எக்ஸ்லுக்கப் (விலுக்கப்போட புது வடிவம்) போட்டு காட்டறாரு, நாங்க போட்டா #நேம்னு எரர். அது 2021லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும் 365லயும்தான் இருக்கு, பழசுல கிடையாதுன்னு அவருக்கே தெரியாம பத்து நிமிஷம் எங்க ஸ்பெல்லிங்க செக் பண்ணிட்டு இருந்தாரு. ஏர்கான் வேற ஒரே எடத்துல அடிக்கும், பின்னாடி உக்காந்தா வேர்வை, முன்னாடி உக்காந்தா ஸ்வெட்டர் வேணும். பென்டிரைவ்ல விடை ஃபைலும் அதே ஃபோல்டர்ல இருக்கு, எட்டி பாக்காம இருக்க நாமென்ன சாமியாரா? நான் வீட்டுக்கு வந்து அத தனியா எடுத்து அண்ணன் கிட்ட குடுத்து வெச்சிட்டேன்.

பாஷை பத்தி ஒரு வார்த்தை. சார் தமிழ்லதான் விளக்கறாரு, ஃபங்ஷன் பேரெல்லாம் இங்கிலீஷ்தான், ஃபைல்ல மலாய் இங்கிலீஷ் ரெண்டும் கலந்திருக்கும், நம்ம ஆபீஸ் மாதிரியே. ஒருத்தர் விரிதாள்னு சொன்னப்ப பாதி பேரு திரும்பி பாத்தோம், நல்ல சொல்லுதான், வாயில வர மாட்டேங்குது.

கிளாஸ் முடிஞ்சு இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. ராத்திரி பசங்க தூங்கினப்புறம் ஒரு ஃபைல் எடுத்து செய்யறேன், மறுநாள் அதையே விடை பாக்காம மொதலேர்ந்து திரும்ப செய்யறேன். மூணாவது தடவைதான் கை தானா போகுது, ஃபார்முலாவ இழுக்கறப்ப செல் நகராம பூட்டற எஃப்4 எங்க அமுக்கணும்னு யோசிக்கறது இல்ல. பாக்கி லிஸ்ட் 30 நாள், 60 நாள், 90 நாள்னு பிரிக்கறத சம்இஃப்ஸ்ல (நிபந்தனைக்கு பொருந்தறத மட்டும் கூட்டற ஃபங்ஷன்) மாத்திட்டேன், மாசக்கடைசில ரெண்டு நாள் எடுத்தது இப்ப அரை நாள். பேங்க் வெப்சைட்லேர்ந்து காப்பி பண்ற பேர்ல மட்டும் இன்னும் அடி வாங்கறேன், அதுல வர்ற ஸ்பேஸ், கூடுதல் ஸ்பேஸ எடுக்கற ட்ரிம் ஃபங்ஷனுக்கு அடங்காது, அது 160ன்னு வேற ஒரு கேரக்டர், அதையும் சப்ஸ்டிட்யூட் பண்ணித்தான் எடுக்கணும். இது பத்தொன்பதாவது ஃபைல்ல இருந்துச்சு, சோம்பல்பட்டு தாண்டி போயிட்டேன், ஆபீஸ்ல மாட்டினப்புறம்தான் திரும்பி போயி செஞ்சேன்.

காசு கட்ட முடியாதவங்களுக்கு: எக்ஸெல் வெப்ல ஃப்ரீயாவே இருக்கு, கூகுள் ஷீட்ஸும் ஃப்ரீ. இபிஎஃப் அட்டவணை அவங்க வெப்சைட்லயே கிடைக்கும், எறக்கி நான் மேல சொன்ன கணக்க போட்டு பாருங்க. சொந்த ஆபீஸ் ஃபைல ஒரு காப்பி எடுத்து அதுல கிண்டுங்க, ஒரிஜினல்ல கை வெச்சிராதீங்க.

போறதா இருந்தா சேர்றதுக்கு முன்னாடி நாலு வாரமும் அதே சார்தானான்னு கேட்டுக்குங்க. 365 இருக்கற லேப்டாப் இருந்தா தூக்கிட்டு போங்க, மவுஸும் எடுத்துக்குங்க, அங்க இருக்கற மவுஸ் ரெண்டு தடவை கிளிக் பண்ணா மூணு தடவை கிளிக் ஆகுது. ஒரு மணிக்கு கிளாஸ் விட்டா அந்த ரோட்டுல வாழையிலை சாப்பாட்டுக்கு கூட்டம் பின்னி எடுக்கும், நாங்க மூணு பேரும் கேட்டரிங் அக்கா கொண்டாந்த நாசி லெமாக்க படிக்கட்டுல உக்காந்து சாப்பிட்டோம். பிவோட்டுக்கு மட்டும் தனியா ரெண்டு சனிக்கிழமை வெக்கப்போறதா சார் சொன்னாரு, அதுக்கு நானும் அக்காவும் பேரு குடுத்துட்டோம்.