மில் மெயில் வரவில்லை என்று சர்வீஸ் கடையைக் கூப்பிட்டேன், 4,12,000 ரூபாய் போய்விட்டது

நேற்று மதியம்தான் விஷயமே தெரிந்தது. இன்னும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. 4,12,000 ரூபாய். திருப்பூரில் இருபது மெஷின் போட்டு ஓட்டுகிற பனியன் கம்பெனிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நூல் வாங்குகிற மில்லிலிருந்து வரும் மெயில்கள் போன மாதம் திடீரென நின்றுவிட்டன. மற்றவர்களுடையது எல்லாம் வந்துகொண்டிருந்தது. மில்லில் கேட்டால், "அனுப்பிட்டோம்ங்க, எதுவும் திரும்பியும் வரலைங்க" என்றார்கள். ஸ்பேமில் தேடினேன், இல்லை. எங்கள் கம்ப்யூட்டர், மெயில் எல்லாவற்றையும் வருட ஒப்பந்தத்தில் பார்க்கிற ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது. வக்கீல் பெயர் போட வேண்டாம் என்கிறார், அதனால் போடவில்லை. மூன்று வருடமாக அவர்கள் சொன்ன பணத்தைச் சொன்ன தேதியில் கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரரே நேரில் வந்தார். அட்மின் பாஸ்வேர்டைக் கையில் கொடுத்தேன். மில் முகவரியைப் பாதுகாப்பான பட்டியலில் சேர்த்தார், பாஸ்வேர்டை மாற்றினார். மில் மெயில் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு ரூலும் போட்டார். பிறகு தன் ஃபோனிலிருந்து ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பினார், வந்தது. "ஆச்சுங்கண்ணா, இனி மெயில் பத்தி நீங்க நினைக்கவே வேண்டாம்" என்றார். ஒப்பந்தத்துக்கு மேல் 6,500 கேட்டார். பேரம்கூடப் பேசாமல் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் மில்லிலிருந்து மெயில் வந்தது. இத்தனை நாள் வராதது வந்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவருக்கு வாட்ஸ்அப்பில் நன்றிகூடச் சொன்னேன். மெயிலில் நான் எதிர்பார்த்திருந்த அதே பில், அதே நூல் கோன் கணக்கு, அதே தொகை 4,12,000. பழைய கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்கில் போடுங்கள் என்று ஒரு வரி மட்டும் கூடுதல். அன்றே வங்கி வழியாக ஆர்டிஜிஎஸ்ஸில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, அதாவது நேற்று, மில்லிலிருந்து ஃபோன். "ஏனுங்கண்ணா, பணம் இன்னும் வரலீங்களே?"

பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன் பையன் ஃபோனிலேயே வழி சொல்ல, மெயில் செட்டிங்ஸில் ரூல்ஸ் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியில் ஒரு ரூல். பெயர் என்று எதுவும் இல்லை, வெறும் ஒரு புள்ளி. மில் டொமைனிலிருந்து, அதாவது முகவரியில் @-க்குப் பின்னால் மில் பெயர் இருக்கிற எந்த மெயில் வந்தாலும், ஒரு நகலை வெளியே ஏதோ ஒரு முகவரிக்கு அனுப்பு, படித்ததாகக் குறி, ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குள் தள்ளு, இதற்குப் பிறகு இருக்கும் வேறு ரூல் எதையும் பார்க்காதே. அந்த ஃபோல்டரை யார் திறக்கிறார்கள்? மில் அனுப்பிய பதினேழு மெயிலும் அங்கேதான் கிடந்தன. கடைக்காரர் போட்ட ரூல் அதற்குக் கீழே இருந்தது, ஒருநாள்கூட ஓடவில்லை. அவருடைய டெஸ்ட் மெயில் மில்லிலிருந்து போகவில்லை, அதனால் வந்து சேர்ந்தது. பாஸ்வேர்டை மாற்றினாலும் ரூல் அழியாது, அந்தப் புள்ளி ரூலைப் போட்ட திருடனுக்கு நகல் போய்க்கொண்டேதான் இருந்தது. எனக்கு வந்த அந்த மெயிலின் டொமைனில் எம் (m) எழுத்துக்குப் பதில் ஆர், என் (rn) இரண்டும் ஒட்டி இருந்தன. அது வேறு டொமைன், அதனால்தான் ரூலில் மாட்டாமல் நேராக இன்பாக்ஸுக்கு வந்திருக்கிறது.

அந்தப் புள்ளி அவர் கண் முன்னால்தான் இருந்தது. அதே பக்கத்தில்தான் தன் ரூலைப் போட்டார்! இன்னொன்றும் கேளுங்கள். வெளி முகவரிக்கு மெயில் தானாகப் போவதை, எங்கள் மெயிலை நடத்துகிற மைக்ரோசாஃப்ட் வழக்கமாகவே தடுத்து வைக்கும். போன வருடம் என் ஜிமெயிலுக்கும் நகல் வரட்டும் என்று கேட்டபோது, கம்பெனி முழுவதற்கும் அந்தத் தடையை எடுத்துவிட்டவரும் இவரேதான்.

ஃபோன் செய்தேன். "வெளியூர்ல இருக்கேனுங்கண்ணா, வந்து பாக்கறேன்." மறுபடி செய்தால் கடைப் பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை கடைக்கே போய் நின்றேன். "ரூல்ஸ் செக் பண்றது உங்க ஒப்பந்தத்துல வராதுங்க. பணம் அனுப்பினது நீங்கதானுங்க" என்கிறார். வேண்டுமானால் 6,500 திருப்பித் தருகிறாராம். போனது 4,12,000!

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு நேற்றே அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒன்பது நாள் ஆகிவிட்டதே. அந்தக் கணக்கில் மிஞ்சியிருந்த 11,000-ஐ மட்டும் நிறுத்தி வைத்திருப்பதாக வங்கியில் சொல்கிறார்கள்.

எதை எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். ஒரு ஆளின் மெயில் மட்டும் வரவில்லை என்றால் ரூல்ஸ் பக்கத்தை நீங்களே திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்புகிற ஃபார்வர்டிங் பக்கம் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள். யார் மெயில் வரவில்லையோ அவரையே டெஸ்ட் மெயில் அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு எண் மாறினால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆர்டிஜிஎஸ்ஸுக்கு முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதி 2025 ஏப்ரலிலிருந்து வங்கிகளில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. பணம் போனது தெரிந்த நிமிடமே 1930.

மில்லுக்குத் திங்கட்கிழமை மறுபடியும் 4,12,000 கட்ட வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும். சீட்டை எடுக்கக் கேட்டிருக்கிறேன்.